மழை எச்சரிக்கையும் நம் லயங்களும்



மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் தலைமையகம் நம் பெட்டாலிங் ஜெயாவில், ஜாலான் சுல்தானில்தான் உள்ளது. 2004 டிசம்பர் 26இல் பினாங்கு, கெடா கரைகளில் ஆழிப்பேரலை அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. 2005இல் இங்கு அதற்கான எச்சரிக்கை மையம் அமைந்தது. நில அதிர்வையும் கடல் மட்டத்தையும் கருவிகள் இரவு பகலாகக் கண்காணிக்கின்றன. தொடர்மழைக்கோ மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் எச்சரிக்கை வருகிறது.

அது பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலுமே வருகிறது; லயத்துப் பாட்டிக்கு எடுத்துச் சொல்வார் யார்? 2021 டிசம்பரில் ஷா ஆலமும் கிள்ளானும் வெள்ளத்தில் தவித்ததை மறந்தோமா? ஆறாம் ஆண்டு மாணவனுக்கு மலாய் தெரியும். எச்சரிக்கையைப் படித்து வீடுவீடாகத் தமிழில் சொல்லும் பொறுப்பை அவனிடம் ஒப்படைக்கலாம். "சிறுவன் பேச்சு" என்று தள்ளாமல், பெரியவர்கள் அடையாள அட்டையையும் பிறப்புப் பத்திரத்தையும் முதலில் எடுத்து வைக்கட்டும்.