ஸ்கை தீவின் ஏகாந்தம்

ஸ்காட்லாந்து தேசத்தின் மேல்கரையை அடுத்துள்ள ஸ்கை தீவுக்கு ஆண்டுதோறும் திரளாய்ச் செல்லும் பிரயாணிகள் மூன்று பொருள்களை நாடிச் செல்கின்றனர். மலையும் கடலும் கூடிய இயற்கை வனப்பு ஒன்று. விஸ்கி என்னும் பானம் ஒன்று. குளிர்காயக் கணப்பு மூட்டிய விடுதி மற்றொன்று. இம்மூன்றும் அங்கே குறைவின்றிக் கிடைக்கும். ஆயினும் மீண்டு வருவோர் யாவரும், "என்ன ஏகாந்தம்! ஆளரவமே இல்லை" என்று வியந்துரைக்கும்போது எமக்கு மனம் ஒப்புவதில்லை.

கூலின் மலைத்தொடரில் 992 மீட்டர் உயர்ந்து நிற்கும் சிகரத்தில் எக்காலத்தும் எவரும் குடியிருந்திலர் என்பது மெய்யே. தாழ்நிலங்களின் வரலாறு வேறு. தீவின் தென்பாகத்தில் கடற்கழி ஒன்றின் கரையில் போரெரெய்க், சுயிஷ்னிஷ் என இரு சிற்றூர்கள் இருந்தன. ஏழைக் குடிகள் செலுத்தும் வாரத்தினும் ஆட்டு மந்தை தரும் வருவாய் பெரிதென்று எண்ணிய நிலவுடைமையாளர் தரப்பினர், 1853-இல் அவ்வூராரை வெளியேற்றினர். அந்நாளில் அத்தீவில் நில ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஆர்ச்சிபால்ட் கெய்க்கி என்னும் இளைஞர், அழுதுகொண்டு சென்ற அக்கூட்டத்தை நேரிற் கண்டு, பிற்காலத்தில் தம் நூலிற் பதிவு செய்தார். இடிந்த சுவர்கள் இன்றும் புல்லினிடையே நிற்கின்றன. பிரயாணி அவற்றையும் காட்சியென்றே படம் பிடிக்கிறான்! 1882-இல் பிரேய்ஸ் என்னுமிடத்துக் குடிகள், மேய்ச்சல் நிலத்துக்காகக் கிளாஸ்கோவிலிருந்து வந்த போலீஸாரை எதிர்த்து நின்றனர், பெண்டிரும் கல்லெடுத்தனர். 1886-இல் பிறந்த சட்டமே குடியானவனுக்குத் தன் நிலத்தில் நிலைத்திருக்கும் உரிமையைத் தந்தது.

விஸ்கியைப் பற்றிக் கல்லூரி இதழில் எழுதலாமோவென்று பெரியோர் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். அருந்துமாறு யாம் எவரையும் தூண்டவில்லை. முளைவிட்ட வாற்கோதுமையைச் சதுப்பு நிலத்துக் கரிமண்ணின் புகையில் உலர்த்தி, செப்புக் கொப்பரைகளில் வடித்து, ஓக் மரப் பீப்பாய்களில் மூன்றாண்டுகளேனும் வைத்துக் காக்கும் தொழில் கண்டறியத்தக்கதே. ஆனால் கார்போஸ்ட் ஊரில் 1830-இல் டாலிஸ்கர் வடிசாலையை நிறுவிய மக்காஸ்கில் சகோதரருள் ஒருவரான ஹியூ, ஆடுகளுக்காகக் குடிகளை அகற்றியவர் என்பதையும் காண்போர் அறிதல் வேண்டும்.

பிரயாணிகளால் தீவு பிழைக்கிறது என்பர், மறுப்பார் யார்? 1995-இல் பாலம் திறக்கப்பட்டு, 2004-இல் அதன் சுங்கமும் ஒழிந்தபின், செல்வது எளிதாயிற்று. அதனோடு, வீடுகள் பல விருந்தினர் தங்குமிடங்களாக மாறின. அங்கே உழைத்து வாழ விரும்பும் இளைஞனுக்கு வீடு கிடைப்பது அரிதாயிற்று. குறுகிய நாட்களுக்கு வீட்டை வாடகைக்கு விடுவோர் உரிமம் பெறவேண்டும் என்னும் ஏற்பாடு ஸ்காட்லாந்தில் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. அது போதுமென்று யாம் கருதவில்லை. அன்று ஆட்டுக்காக வெளியேறினான். இன்று விருந்தினனுக்காக வெளியேறலாமோ? ஆதலால், செல்பவர் அத்தீவினர் தாமே வாழ்ந்து நடத்தும் இல்லங்களைத் தேடித் தங்குவதே முறை என்போம்.

இன்னும் ஒரு வாயில் உண்டு. தீவின் தெற்கே, பழைய பண்ணைக் களஞ்சியம் ஒன்றில் 1973-இல் தொடங்கப்பெற்ற சவல் மோர் ஓஸ்டெய்க் என்னும் கல்லூரி, கேலிக் மொழியிலேயே பாடம் புகட்டுகின்றது. அயலாருக்கும் அங்கே குறுகிய கால வகுப்புகள் உள. கணப்பருகே கழிக்கும் ஒரு வாரத்தை அவ்வகுப்பிற் கழிப்பவன், மலைகளின் பெயர்களுக்கேனும் பொருள் அறிந்து திரும்புவான்.