இரவெல்லாம் குளிர்ந்த எண்ணெய்க்கு 150 பாகைக் காய்ச்சல்

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தாய் முதலிற் செய்வது நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது. காய்ச்சற்கோல் காட்டும் எண் கைக்குத் தெரிவதோடு பொருந்தாவிடின், அவள் பிள்ளையை விட்டுக் கோலையே ஐயுறுவாள். மோட்டார் வண்டி விடயத்தில் மட்டும் நாம் இந்த இயல்பான அறிவைக் கராஜ் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போகிறோம்.

சென்ற மாரிகாலத்தில் என் மைத்துனர் முகம் வாடி வந்தார். அவரிடமுள்ளது தானியங்கிக் கியர் பொருத்திய பழைய ஜப்பானிய வண்டி. சில நாட்களாக எச்சரிக்கை விளக்கு அணையாது எரிந்ததோடு, எவ்வளவு வேகத்திற் போனாலும் மேற்கியர் விழவில்லை. பெற்றோலும் வழக்கத்துக்கு மாறாகக் கரைந்தது. ஒரு கராஜில் ஸ்கானரைச் செருகிப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பும் கூறிவிட்டார்களாம்.

"அத்தான், கியர் எண்ணெய் 150 பாகையில கொதிக்குதாம். உள்ளுக்கு எல்லாம் எரிஞ்சு போச்சாம். பெட்டியையே மாத்தவேணும் எண்டு சொல்லுறாங்கள்."

அதற்காகும் தொகை, மகளின் மேற்படிப்புக்கென அவர் ஒதுக்கி வைத்திருந்த பணத்திற் பெரும்பகுதி. மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்த வேளை அது. அன்று வண்டியைத் தொடவேண்டாம் என்றும், மறுநாள் விடியற்காலையில் வருவதாகவும் சொல்லி அனுப்பினேன்.

நான் போனபோது வண்டி மாமரத்தடியில் மழையில் நனைந்து நின்றது. எஞ்சினை இயக்காமற் சாவியை மட்டும் திருப்பி, ஸ்கானரை மருமகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். எஞ்சின் குளிர்நீர் 26 பாகை செல்சியசு. உட்செல்லும் காற்று 26 பாகை. கியர் எண்ணெய் 150 பாகை!

"மாமா, ராத்திரி முழுக்க நிண்ட வண்டியில எண்ணெய் மட்டும் எப்பிடிக் கொதிக்கும்?" என்றாள் அவள். கராஜில் எவருக்கும் தோன்றாத கேள்வி.

மாணவர்கள் இவ்விடத்திற் சற்றுக் கவனிக்கவேண்டும். கியர்பெட்டியினுள் எண்ணெயில் அமிழ்ந்திருக்கும் வெப்ப உணரி, தெர்மிஸ்டர் எனப்படும் ஒரு சிறு தடை. வெப்பம் ஏற ஏற அதன் மின்தடை குறையும். உலோகக் கம்பியின் இயல்புக்கு இது நேர்மாறு. வெள்ளிச் சல்பைட்டில் இப்புதுமையை மைக்கேல் பரடே 1833 ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். (இளமையிற் புத்தகம் கட்டும் தொழில் பயின்ற அம்மனிதரின் கை படாத துறை எதுவுமில்லைப் போலும்.) வண்டியின் கணினி, 5 வோல்ற்றை நிலையான தடையொன்றினூடாக இவ்வுணரிக்கு அனுப்பி, இரண்டும் சேருமிடத்து வோல்ற்றளவை அளக்கிறது. கணக்குக்காக நிலையான தடையை 1000 ஓம் என்று கொள்வோம். எண்ணெய் குளிர்ந்து உணரியின் தடை 4000 ஓமாக இருப்பின் கணினி காண்பது 4 வோல்ற்று; சூடேறித் தடை 250 ஓமாகக் குறையின் 1 வோல்ற்று. கம்பி அறுந்துவிட்டாலோ 5 வோல்ற்றும் குறையாமல் நிற்கும். கணினி அதனைக் கடுங்குளிர் என்று கொண்டு, பெரும்பாலான வண்டிகளில் −40 பாகை காட்டும். அதே கம்பி தோலுரிந்து வண்டியின் இரும்புடலைத் தொட்டால் வோல்ற்றளவு பூச்சியமாகும். அது கடுஞ்சூடாகத் தோன்றும். ஆதலால் அளவின் இரு கோடிகளிலும் அசையாது நிற்கும் எண், எண்ணெயைப் பற்றியன்றிக் கம்பியைப் பற்றியே பெரும்பாலும் பேசுகிறது.

ஸ்கானரில் வந்த குறி பீ 0712. உணரிச் சுற்று தாழ்ந்த நிலையில் உள்ளது என்பது அதன் பொருள். தாழ்ந்தது வோல்ற்றளவேயன்றி வெப்பநிலையன்று. இதில் வழுக்கி விழுந்தவர் பலர். உயர்ந்த நிலைக்குரிய குறி பீ 0713.

மெய்யான காய்ச்சலும் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. நீண்ட ஏற்றத்திற் பாரத்துடன் ஏறும் வண்டியில் எண் படிப்படியாக உயரும். எண்ணெய் கறுத்துக் கருகல் மணம் வீசும். மைத்துனரின் வண்டியில் அளவுகோலை இழுத்துத் துடைத்துப் பார்த்தோம். எண்ணெய் சிவப்பாகவே இருந்தது, கருகல் மணமில்லை.

அடுத்து, சுற்றை இரண்டாகப் பிரித்தோம். சாவியை நிறுத்தி, கியர்பெட்டியின் மேலுள்ள சொருகியைக் கழற்றி, மீண்டும் சாவியைத் திருப்பினோம். எண் −40 க்கு வீழ்ந்தால் கணினியும் வழிக்கம்பியும் நலம். குற்றம் உணரியிலோ பெட்டிக்குள்ளிருக்கும் கம்பியிலோ இருக்கும். வீழவில்லை. உணரி கழன்று கிடக்கிறது. எண்ணெயைக் காணக் கண்ணே இல்லாத கணினி இன்னும் 150 என்றே சாதித்தது! (முதலிலேயே −40 காட்டும் வண்டியில் இதற்கு மறுதலையாகச் செய்யவேண்டும். சொருகியைக் கழற்றி, கணினிப் பக்கத்து உணரிக்கம்பிகள் இரண்டையும் சிறு கம்பித்துண்டால் இணைத்தால் எண் உச்சிக்குத் தாவவேண்டும். அக்கம்பிகள் எவை என்று வண்டியின் சுற்றுப்படத்திற் பாராமற் கைவைக்கலாகாது.)

பின்னர் பற்றரியைத் துண்டித்துவிட்டு, பல்மானியால் உணரியை அளந்தோம். சில ஆயிரம் ஓம். குளிர்ந்த உணரிக்கு அது தகும். கணினிப் பக்கத்துச் சொருகியையும் கழற்றி, வழிக்கம்பிக்கும் இரும்புடலுக்கும் இடையே அளந்தபோது ஏறத்தாழப் பூச்சியம். ஒன்றும் இருக்கக்கூடாத இடத்திற் பாதை திறந்து கிடந்தது.

எலி கடித்திருக்கும் என்றே நான் எண்ணினேன். எங்கள் ஊர் வண்டிகளில் அதுவே வழக்கம். ஆனால் கம்பிக்கற்றையைத் தடவிக்கொண்டு போன மருமகளின் விரல் பற்றரித் தட்டின் விளிம்பில் நின்றது. சில கிழமைகளுக்கு முன் பற்றரி மாற்றியவர் கற்றையைத் தாங்கும் கொக்கியைத் திரும்ப மாட்டவில்லை. வண்டியின் ஒவ்வோர் அதிர்விலும் தட்டின் கூர்விளிம்பு கம்பியை உரசி, உள்ளிருக்கும் செம்பு வெளியே தெரிந்தது.

ஒரு சாண் சுருங்கு குழாய், சிறிது ஈயம், ஒரு கொக்கி: வாங்கியது இவ்வளவுதான். பற்றவைத்து மூடிக் கட்டியபின் குறியை அழித்துவிட்டுச் சாவகச்சேரிப் பக்கம் புறப்பட்டோம். மருமகள் ஸ்கானரை மடியில் வைத்துக்கொண்டு எண்களை உரக்க வாசித்தபடி வந்தாள். 27, 34, 48... நாவற்குழிப் பாலம் தாண்டி வெளிச்சாலை வந்ததும் எஞ்சினின் இரைச்சல் தணிந்து மேற்கியர் விழுந்தது.