புறாத்தீவில் இரவு தங்கலாமா?

ஆகஸ்ட் விடுமுறை நெருங்கினால் போதும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எனக்குப் பழக்கமான இளைஞர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஐயா, புறாத்தீவில் ஓர் இரவு கூடாரம் அடித்துத் தங்க ஏன் அனுமதி இல்லை?" வில்பத்துவில் அனுமதி பெற்றுக் கூடாரமிட்டுத் தங்கலாம். படகில் மட்டுமே சென்றடையக்கூடிய இந்தச் சின்னஞ்சிறு தீவில் மட்டும் மாலைக்குள் திரும்பிவிட வேண்டும் என்பது என்ன நியாயம் என்கிறார்கள். கேட்பதில் தவறில்லை. என் பதில்தான் அவர்களுக்கு உவப்பாக இருப்பதில்லை. இரவுத் தடை சரியானது. பகலில் செல்வோர் தொகைக்கும் கண்டிப்பான வரம்பு வேண்டும் என்பதே என் கட்சி.

கடல் கடந்து வாழும் வாசகர்களுக்காகச் சில விவரங்கள். திருகோணமலை நகருக்கு வடக்கே, நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் பெரியதும் சிறியதுமாக இரண்டு தீவுகள் உள்ளன. புறாமலை என்றும் சொல்வார்கள். பெரிய தீவே சுமார் 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும் கொண்டதுதான். பாறை இடுக்குகளில் கூடு கட்டும் காட்டுப் புறாக்களால் வந்த பெயர் இது. ஆங்கிலேயர் காலத்தில் கடற்படையினர் சுடுபயிற்சிக்கு இதனை இலக்காகக் கொண்டிருந்தனர். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது.

தீவைச் சூழ்ந்துள்ள முருகைக் கற்பாறைகளே இதன் உண்மையான செல்வம். 1998இல் கடல்நீர் சூடேறியபோது இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைகளில் முருகைக் கற்கள் பெருமளவில் வெளிறி மடிந்தன. திருகோணமலைப் பகுதி அந்த அழிவிலிருந்து பெரிதும் தப்பியது. 2004இன் ஆழிப்பேரலையையும் கண்ட தீவு இது. ஆனால், முழங்காலளவு நீரில் முருகைக் கற்களின் மேல் ஏறி நிற்கும் மனிதக் கால்களிலிருந்து அதைக் காப்பார் யார்? முருகைக் கல் பார்வைக்குக் கல்; உண்மையில் உயிர். மிதித்து உடைத்த ஒரு கிளை மீண்டும் வளரப் பல ஆண்டுகள் செல்லும்.

ஹிக்கடுவையில் நடந்ததை நாம் கண்டோம். 1979இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2002இல் தேசிய பூங்காவான அந்தக் கடலில் கண்ணாடி அடித்தளப் படகுகளும் கூட்டமும் செய்த சேதம் ஊரறிந்தது. பிரகடனம் மட்டும் ஒரு கடலைக் காப்பாற்றாது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இரவுக்கு வருவோம். சில நிமிடங்களில் குறுக்கே நடந்து கடக்கக்கூடிய தீவில் பத்துக் கூடாரங்களை எங்கே அடிப்பது? வில்பத்துவின் பரப்பு ஒரு இலட்சம் ஹெக்டேயரைத் தாண்டும். அங்கே சில கூடாரங்களைக் காடு தாங்கும். இங்கே அடுப்பின் தீப்பொறி பட்டால் காய்ந்த புதர் முழுவதும் எரிந்துவிடும். சோற்றுப் பொதி சுற்றிய தாளும் போத்தலும் கழிவும் கடலுக்குத்தான் போகும். மாலையில் அடைய வரும் பறவைக்கு மனிதர் இல்லாத சில மணி நேரமாவது மிஞ்ச வேண்டாமா?

இதற்கு மறுப்பும் உண்டு. நிலாவெளி மக்கள் போரில் இழந்தவர்கள், சுனாமியில் மீண்டும் இழந்தவர்கள். வாடைக் காற்று காலத்தில் கடல் கொந்தளிக்கும். மே முதல் செப்டெம்பர் வரையான சில மாதங்களே படகோட்டிகளுக்குப் பிழைப்பு. கூட்டத்தைக் குறைத்தால் அவர்கள் அடுப்பில் என்ன எரியும்? தவிர, நெடுங்காலம் போர் அடைத்து வைத்திருந்த கரை இது. 2009இன் பின்னரே அச்சமின்றிப் போய்வர முடிகிறது. மறுபடியும் ஒரு தடையா என்று எம்மவர் கேட்பதில் உள்ள வலி எனக்குப் புரிகிறது.

தாய்லாந்தின் மாயா விரிகுடாவைப் பாருங்கள். நாளொன்றுக்கு ஐயாயிரம் பேர் வரை மொய்த்த அந்தக் கரையை 2018 ஜூனில் மூடினார்கள். 2022 ஜனவரியில் திறந்தபோது வருவோர் தொகைக்கு வரம்பு விதித்தார்கள்; படகுகள் விரிகுடாவுக்குள் நுழையாமல் தீவின் பின்புறத்தில் நிற்க வேண்டும் என்றார்கள். இடைக்காலத்தில் கருந்துடுப்புச் சுறாக்கள் திரும்பி வந்தன. புறாத்தீவுக்குப் போகிறவர்கள் காண ஆசைப்படுவதும் அதே சுறாவைத்தான். அது போய்விட்டால் படகில் ஏற யார் வருவார்கள்? கடல் அழிந்தபின் படகோட்டிக்கு மிஞ்சுவது கடன் மட்டுமே.

ஆகவே நான் கேட்பது இவைதான். முன்பதிவு முறையில் நாளுக்கு இத்தனை பேர் என்ற வரம்பு காகிதத்தில் மட்டுமன்றி நடைமுறையிலும் இருக்க வேண்டும். அந்தத் தொகையில் உள்நாட்டவருக்கு ஒரு பங்கு ஒதுக்கப்பட வேண்டும். இல்லையேல் இது வெளிநாட்டுப் பணக்காரரின் பூங்காவாகிவிடும். நுழைவுக் கட்டணத்தில் ஒரு பகுதி நிலாவெளிப் படகோட்டிகளின் சங்கங்களுக்குச் சேர வேண்டும். காவலும் வழிகாட்டலும் சம்பளத்துடன் அவர்களிடமே ஒப்படைக்கப்பட வேண்டும். பருவத்தின் நடுவிலும் சில நாட்கள் தீவுக்கு ஓய்வு வேண்டும்.

2024 ஏப்ரலில், உலகளாவிய நான்காவது முருகைக்கல் வெளிறல் நிகழ்வதாக அறிவியலாளர் அறிவித்தனர். கடல் சூடேறுவதைத் தடுக்கும் வல்லமை கொழும்பிலோ நிலாவெளியிலோ இல்லை. கால்களையும் படகுகளையும் கட்டுப்படுத்தும் வல்லமை உண்டு.

ஜூலையிலும் ஆகஸ்டிலும் ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பிள்ளைகளுடன் வரும் உறவுகளே, தாராளமாகப் புறாத்தீவுக்குப் போங்கள். நீரில் மிதந்தபடி பாருங்கள். முருகைக் கல்லில் கால் ஊன்றாதீர்கள். உடைந்த துண்டு என்றாலும் நினைவுப் பொருளாக எடுத்து வராதீர்கள். பொழுது சாயுமுன் கரை திரும்பி, நிலாவெளியில் ஊரவர் நடத்தும் விடுதியொன்றில் இரவைக் கழியுங்கள். அந்தப் பணம் ஊருக்குச் சேரும். இரவு தீவுக்குச் சேரட்டும்.