எலும்பு கேட்கும் செய்தி

பொங்கல் மலருக்கு அறிவியற் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் சங்கச் செயலாளர் கேட்டார். தருகிறேன், ஆனால் அதனுள் ஒரு வழக்கும் இருக்கிறது. வழக்கு நம் சங்கத்தின் மீதே!

எலும்பை உயிரற்ற தூண் என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றனர். சுண்ணாம்புச் சத்து உண்டால் பருக்கும், வயதானால் தேயும் என்பது அவர்கள் கணக்கு. செங்கல்லைக் குவித்து வைத்தால் வீடு எழும்பிவிடுமா? கொத்தனார் வேண்டும்; அவருக்குக் கட்டளை வேண்டும். எலும்பின் மச்சையில் வாழும் குருத்தணுக்களே அக்கொத்தனாரை ஈன்று தருகின்றன. மாஸ்கோவின் ஃப்ரீடன்ஸ்டைன் என்பார் 1960களில் எலும்பாக வல்ல அணுக்கள் மச்சையில் உண்டெனக் காட்டினார். மனித எலும்பின் குருத்தணுவைத் தனியே பிரித்து இனங்காட்டியதோ 2018இல்தான்.

கட்டளை எங்கிருந்து வருகிறது? அக்கம்பக்கத்து அணுக்கள் விடுக்கும் செய்திகளிலிருந்து. அவற்றுள் தலையாயது விண்ட் என்னும் புரதம் கொணரும் செய்தி. 'கொழுப்பாகாதே, எலும்பைக் கட்டு' என்பது அதன் பொருள். எலும்புக்குள் புதைந்து வாழும் முதிர்ந்த அணுக்களோ ஸ்க்ளிரோஸ்டின் என்னும் வேறொரு புரதத்தைச் சுரந்து, அச்செய்தி காதில் விழாதவாறு தடுக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்கானர் குடும்பங்கள் சிலவற்றில் இத்தடை பிறவியிலேயே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எலும்பு எளிதில் முறிவதில்லை. (பொறாமை வேண்டா, மண்டையோடு தடித்து நரம்பை நெருக்க, செவியும் கேளாமற் போகிறது.) இதற்குரிய மரபணு 2001இல் தெரியவந்தது. தடையை முடக்கும் ஊசிமருந்துக்கு 2019இல் அமெரிக்கா இசைவளித்தது, மாரடைப்பு, பக்கவாதம் பற்றிய எச்சரிக்கையோடு.

ஊசியின்றியும் இத்தடை தளரும். ஓடும்போதும் குதிக்கும்போதும் எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. புதைந்திருக்கும் அணுக்கள் அதை உணர்ந்து ஸ்க்ளிரோஸ்டினைக் குறைத்துக்கொள்கின்றன. 2008இல் எலிகளிடம் இதைக் கண்டனர். சுமையே இல்லாத விண்வெளியில் மிதப்போர் இடுப்பெலும்பில் மாதந்தோறும் நூற்றுக்கு ஒரு பங்குக்குக் குறையாமல் இழக்கின்றனர்.

இனி வழக்குக்கு வருவோம். முதிர்ந்த பெண்ணின் எலும்பிலுள்ள தாதுச் சத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, பருவமெய்தும் காலத்தை ஒட்டிய இரண்டே ஆண்டுகளில் சேர்ந்துவிடுகிறது. நம் வீடுகள் பலவற்றில் 'இனி ஓடாதே, குதிக்காதே' என்று சொல்லும் ஆண்டுகளும் அவையே அன்றோ?

என் தாயார் கும்பகோணத்துப் பக்கம் எட்டாம் வகுப்பு வரை ஓட்டப் பந்தயத்தில் பரிசு வாங்கியவர். மஞ்சள் நீராட்டுக்குப் பின் ஓடியதில்லை. சென்ற ஆண்டு, ஐம்பத்தைந்தாம் வயதில், தில்லி வீட்டுக் குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றினார், மணிக்கட்டு முறிந்தது. ஓடியிருந்தால் முறிந்திராது என்று நான் சாதிக்க மாட்டேன். மாதவிடாய் நின்றபின் எல்லாப் பெண்களுக்குமே எலும்பை அரிக்கும் அணுக்களின் கை ஓங்கும். ஆயினும் சேமிப்பு மிகுந்தவர்க்கு அந்தச் செலவு தாங்கும். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "அந்தப் பரிசுக் கிண்ணம் எங்கே போயிற்றோ?" என்று அம்மா ஒருநாள் கேட்டார். என்னிடம் விடை இல்லை.

சென்ற பொங்கல் விழாவில் நாம் என்ன செய்தோம்? ஆடவர்க்குக் கபடி, ஓட்டம், கயிறிழுத்தல். மகளிர்க்குக் கோலம், பூத்தொடுத்தல், இசை நாற்காலி! (இசை நாற்காலியிலும் ஓட்டம் உண்டே என்று செயலாளர் வாதாடலாம். உட்காருவதற்காக ஓடும் ஓட்டம் அது.) நமக்குத்தான் இருபது கடந்துவிட்டதே எனலாம். இருபதுகளின் பிற்பகுதி வரை இருப்பில் சிறிது சேர்க்க இடமுண்டு. அதனினும் பெரிது, விழாவுக்கு வரும் தமிழ்க் குடும்பங்களின் சிறுமியர் திடலோரம் நின்று நம்மைப் பார்க்கின்றனர்.

ஆதலின் வரும் தைத் திங்களில் மகளிர்க்கு நூறு மீட்டர் ஓட்டமும் நீளத் தாண்டலும் வேண்டும். பன்னிரண்டு வயதுச் சிறுமியர்க்குத் தனியே ஓர் ஓட்டம் வேண்டும். செயலாளர் அவர்களே, பட்டியலில் முதலில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். கோலப் போட்டிக்கும் வருவேன், ஓட்டம் முடிந்தபின்.