அருங்காட்சியகம் வாய்திறக்கட்டும்!

மயிலாடுதுறை மாவட்டக் கடற்கரையில், காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடி என்னும் சிற்றூர் இருக்கின்றது. அங்கே, 1620-ஆம் ஆண்டில் தென்மார்க்கு நாட்டு வணிகர் எழுப்பத் தொடங்கிய கோட்டையொன்று அலைக்கு எதிரே இன்றும் நிற்கின்றது. அக் கோட்டைக்குள் தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை ஓர் அருங்காட்சியகத்தை நடத்தி வருகின்றது. பீங்கான் கலங்கள், பழங்காசுகள், சுடுமண் பொருள்கள், இரும்புக் குண்டுகள் ஆகியன அங்கே அடுக்கி வைக்கப்பெற்றுள்ளன. வெளியூரார் வருகின்றனர், கால்மணி நேரம் சுற்றுகின்றனர், மதில்மேல் நின்று படமெடுத்துக்கொண்டு போய்விடுகின்றனர். கோட்டைக்குக் கூப்பிடு தொலைவில் வலையுலர்த்தும் பரதவர்க்கும், அவர்தம் பிள்ளைகட்கும், அந்தக் கண்ணாடிப் பேழைகளுக்கும் என்ன தொடர்பு?

தொடர்பு உண்டு. ஆனால், அதனை எடுத்துச் சொல்வார் வேண்டும். பொருள் தானாகப் பேசாது; பெயர்ச்சீட்டில் உள்ள நான்கு சொற்களும் அதனைப் பேசவைக்கமாட்டா. பொருளுக்கு வாயாக அமைவது பொழிவு ஒன்றே. ஆகவே, இச் சிற்றூர் அருங்காட்சியகத்திலும், இதனைப் போன்ற பிற கடற்கரையூர்க் காட்சிக்கூடங்களிலும், திங்கள்தோறும், கட்டணமின்றி, யாவரும் வந்து கேட்குமாறு, நல்ல தமிழில் வரலாற்றுப் பொழிவுகள் நடைபெறுதல் வேண்டும் என்று வலியுறுத்தவே இவ் ஆசிரியவுரையை எழுதுகின்றோம்.

ஊரின் பெயரிலிருந்தே தொடங்குவோம். ‘அலைகள் பாடும் ஊர்’ என்று வழிகாட்டி நூல்கள் இதற்குப் பொருள் எழுதுகின்றன. கேட்பதற்கு இனிமைதான். ஆனால், ‘பாடி’ என்பது பாடுதலைக் குறிக்க வந்ததன்று. வாணியம்பாடி, காட்டுப்பாடி, ஆய்ப்பாடி என்பவற்றிற் போல, மக்கள் குடியிருக்கும் இடத்தைக் குறிப்பது. ‘தரங்கம்’ என்பதோ அலையைக் குறிக்கும் வடசொல். இவ்வூர் மாசிலாமணிநாதர் கோயிலின் பதினான்காம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு இவ்வூரைச் ‘சடங்கன்பாடி’ என்றும், ‘குலசேகரன்பட்டினம்’ என்றும் குறிக்கின்றது. சடங்கன்பாடி எவ்வாறு தரங்கம்பாடி ஆயிற்று? மக்கள் வழக்கு திரித்ததா? வடமொழிப் பற்றாளர் மாற்றியதா? இவ் வினாவை அவ்வூர்ப் பள்ளி மாணவரிடை எழுப்பி, கல்வெட்டின் படியை அவர்முன் விரித்து, ஒருமணி நேரம் பேசினால் போதும். தம் ஊர்ப்பெயரைத் தாம் அறியாதிருந்த இழிவு நீங்கும். இழந்த பெயரைத் தேடத் தொடங்குபவன் இழந்த மொழியையும் தேடத் தொடங்குவான்.

அடுத்து, தஞ்சை இரகுநாத நாயக்கர் தென்மார்க்கு மன்னர் நான்காம் கிறித்தியனுக்கு 1620-இல் விடுத்த மடலை எண்ணிப் பாருங்கள். அம் மடல் பொன்னேட்டில் எழுதப்பெற்றது. எழுதப்பெற்ற மொழி தமிழ்! தெலுங்கு பேசிய மன்னர் ஒருவர் ஐரோப்பிய மன்னர்க்குத் தமிழில் மடல் விடுத்தார் எனின், அன்று இம் மண்ணில் ஆட்சிக்கும் வணிகத்திற்கும் தமிழே நின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. அந்தப் பொன்னேடு இன்று கோபனேகன் நகர ஆவணக் களரியில் இருக்கின்றது. அங்குள்ளவர் அதனைப் போற்றிக் காக்கின்றனர்; நன்று. ஆனால், அம் மடல் யாருடைய நிலத்தைப் பற்றிப் பேசுகின்றதோ, அந் நிலத்து மக்களுக்கு அதனைப் பற்றி எடுத்துச் சொல்ல ஒரு மாலைப்பொழுது கூடவா நம்மிடம் இல்லை?

1706-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9-ஆம் நாள் சீகன்பால்கு என்னும் செருமானிய இளைஞர் இக் கரையில் இறங்கினார். கிறித்தவம் பரப்ப வந்தவர்தாம். அதனை நாம் மறைக்கவேண்டுவதில்லை. ஆயினும், வந்த சில நாளிலேயே திண்ணைப்பள்ளிச் சிறுவரோடு சிறுவராய்த் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் தமிழெழுத்து எழுதிப் பழகினார். நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் தேடித் தொகுத்து 1708-இல் அவற்றுக்குப் பட்டியல் வரைந்தார். 1712-இல் இலண்டனிலிருந்து அச்சுப்பொறி வந்தது. 1713-இல் செருமனியின் ஆலே நகரில் வார்க்கப்பெற்ற தமிழெழுத்துகள் வந்தன. அவை அளவிற் பெரியனவாய்த் தாளை விழுங்கியமையால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தனர். தாளுக்கும் அருகிலுள்ள பொறையாற்றில் ஓர் ஆலை அமைந்தது. ‘கடுதாசிப்பட்டறை’ என்னும் இடப்பெயர் அதனை நினைவூட்டுகின்றது. 1715-இல் விவிலியத்தின் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறி முடிந்தது.

எழுத்தை வார்த்த கை யாருடையது? தாளைக் கூழாக்கிப் பிழிந்த கை யாருடையது? மணலில் எழுதக் கற்பித்த முதிய ஆசிரியர் எத்தகையர்? அயலவர் பெயர் கல்லறையிலும் சிலையிலும் நிற்கின்றது; நம் உழைப்பாளரின் பெயரோ காற்றில் கரைந்துவிட்டது. இவ் வினாக்களை எழுப்பவும் ஒரு பொழிவு வேண்டும். சீகன்பால்குவின் சபையார் எழுதிய தமிழின் குறைகளை வீரமாமுனிவர் கடிந்துரைத்த வரலாறும் உண்டு. அயலவர் இருவர் ‘எது நல்ல தமிழ்?’ என்று வழக்காடிய மண் இது. இன்றோ, தமிழர் இருவர் தமக்குள் ஆங்கிலம் கலவாமல் ஐந்து நிமையம் உரையாட இயலவில்லை!

இங்கே நம்மவர்க்கும் ஓர் எச்சரிக்கை. இந்தியாவின் முதல் அச்சகம் தரங்கம்பாடியில்தான் அமைந்தது என்று மேடையில் முழங்குவார் உளர். அது பிழை. கோவாவில் 1556-இலேயே அச்சுப்பொறி இயங்கியது. தமிழெழுத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. கைதட்டலுக்காகப் பொய்யுரைப்பவன் தமிழுக்குப் பகைவன். மெய்யே நமக்குப் போதிய பெருமை தருகின்றது; பொய்யைத் துணைக்கழைக்க வேண்டுவதில்லை. சான்று காட்டிப் பேசுவோரே இப் பொழிவு மேடையில் ஏறுதல் வேண்டும்.

‘கட்டணமின்றி’ என்று நாம் சொல்வதை ஈகை என்று எவரும் கொள்ளற்க. தன் வீட்டுப் பேழையில் என்ன இருக்கின்றது என்று கேட்டறியத் தானே காசு கொடுப்பதா? மக்கள் வரியில் நடைபெறும் காட்சிக்கூடத்தின் அறிவு மக்களின் உடைமை. சென்னையில் இருப்பவன் கல்வெட்டறிஞரின் உரையை மாலைதோறும் கேட்கலாம். கடற்கரைச் சிற்றூரில் பிறந்த சிறுவனுக்கு அது கிட்டாது எனின், அறிவிலும் மேல்கீழ் உண்டு என்றாகும்.

‘யார் வருவார்?’ என்று அலுவலர் வினவக்கூடும். வருவார்க்குத் தெரியும் மொழியில் பேசினால் வருவார்; தெரியாத மொழியில் பேசினால் வாரார். பரதவரைக் கேட்போராக மட்டும் எண்ணுதலும் தவறு. வாடை, கொண்டல், சோழகம் என்று காற்றுக்குப் பெயரிட்டு வழங்குபவர் அவர். கல்லூரிப் பேராசிரியர் மறந்துவிட்ட தூய தமிழ்ச்சொற்கள் அவர் நாவில் உயிரோடு உலவுகின்றன. அவருடைய ‘கட்டுமரம்’ ஆங்கில அகரமுதலியிலும் ஏறிவிட்டது. மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் தின்ற வரலாற்றையும், 2004 திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இவ்வூரில் பன்னூறு உயிர்களைக் கொண்டுசென்ற கொடுமையையும், மேடையேறிச் சொல்லும் தகுதி அவரினும் யார்க்கு உண்டு? அம் முதியோர் மறைந்தால், எந்தக் கண்ணாடிப் பேழையும் அவர் சொல்லைத் திருப்பித் தராது.

பொழிவு ஒரு மக்களினத்தை எழுப்பும் என்பதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டா. இதே கடற்கரையில், தெற்கே நாகப்பட்டினத்தில், 1876-இல் பிறந்தவர் மறைமலையடிகள். நாகையில் புத்தகக்கடை வைத்திருந்த நாராயணசாமிப் பிள்ளையிடம் தமிழ் கற்றார்; அவ்வூருக்கு வந்த சோமசுந்தர நாயகரின் பொழிவுகளைக் கேட்டு உள்ளம் கிளர்ந்தார். 1916-இல் தனித்தமிழ் இயக்கம் கண்ட அப் பெருமகனின் இளமையில், ஒரு கடற்கரை நகரின் கடைத்திண்ணைக்கும் பொழிவு மேடைக்கும் பங்கு உண்டு. இன்று அத்தகைய இளைஞன் ஒருவன் தரங்கம்பாடித் தெருவில் நடந்துகொண்டிருக்கலாம். அவன் செவிக்கு நாம் என்ன தருகின்றோம்?

எனவே, நம் வேண்டுகோள்கள் இவை:

1. திங்கள்தோறும் வெள்ளுவா மாலையில் கோட்டை முற்றத்திலோ அருங்காட்சியகத்திலோ ஒரு பொழிவு நடைபெறத் தொல்லியல் துறை இசைவளித்தல் வேண்டும். நுழைவும் இருக்கையும் கட்டணமற்றனவாதல் வேண்டும்.

2. பொழிவு ஒருமணி நேரம். கேட்போர் வினாவுக்கு அரைமணி நேரம். பேசப்படும் பொருளுக்குரிய காட்சிப்பொருளோ அதன் படியோ கேட்போர் கண்முன் இருத்தல் வேண்டும்.

3. மொழி தமிழாதல் வேண்டும். பரதவ மூதாட்டிக்கும் விளங்கும் எளிய, கலப்பற்ற தமிழ்.

4. மாலை வேண்டா, பொன்னாடை வேண்டா, முன்னிலை, தலைமை, வாழ்த்துரை என்னும் நீட்டல்களும் வேண்டா. இவற்றிலேயே இரவு கழிந்துவிடுவதை நாம் அறிவோம்.

5. ஒவ்வொரு பொழிவும் எழுதப்பெற்றுக் குறைந்த விலையில் சிறு நூலாக வெளிவருதல் வேண்டும்.

அன்பர்களே! அரசு செய்யட்டும் என்று கைகட்டி நிற்பது நம் வழக்கமன்று. கல்வெட்டுப் படிக்கத் தெரிந்தோர், கடலோர வரலாறு கற்றோர், அச்சுக்கலை அறிந்தோர் நம்மிடையே உளர். வழிச்செலவைத் தாமே ஏற்று, ஆளுக்கொரு மாலையைத் தருதல் வேண்டும். விரிப்பதற்கு ஒரு பாய், ஏற்றுவதற்கு ஒரு விளக்கு, பேசுவதற்கு ஒரு மெய், இவ்வளவே தேவை. கோட்டையின் கதவு திறந்துதான் இருக்கின்றது. அதனுள் தமிழ் ஒலிக்க வேண்டுவதே எஞ்சியுள்ளது.