இசைத்தட்டுக் கடையும் இறக்குமதி ஏக்கமும்

இசைத்தட்டுக் கடைகளைப் பற்றிய நினைவுக் குறிப்புகள் அண்மை ஆண்டுகளில் பெருகியுள்ளன. எல்லாவற்றுக்கும் வாய்பாடு ஒன்றே: மங்கிய விளக்கு, தூசி படிந்த அடுக்கு, வாடிக்கையாளரின் முகம் பார்த்தே அவர் ரசனையை அறியும் கடைக்காரர், உறையைப் பிரிக்கும்போது எழும் மணம். ஊர்ப்பெயர் இருக்கும் இடத்தில் சித்தூர் என்று எழுதினாலும் சிகாகோ என்று எழுதினாலும் குறிப்பு மாறாது. நிக் ஹார்ன்பி 1995இல் எழுதிய 'ஹை ஃபிடெலிட்டி' நாவலிலிருந்தும், 2008இல் அமெரிக்காவில் தொடங்கிய இசைத்தட்டுக் கடை நாளிலிருந்தும் கடன் வாங்கிய ஏக்கம் இது. தனிமனிதர் ஏங்குவதில் குற்றமில்லை. அந்த ஏக்கம் கருத்தரங்கக் கட்டுரைக்குள் சான்றாக நுழைவதே சிக்கல்.

முதலில், 'சுதந்திரமான சிறு கடை' என்ற கற்பனை. 78 சுழற்சித் தட்டுகளின் காலத்தில் மாவட்டத் தலைநகரத்துக் கடைக்காரருக்கு இருந்த சுதந்திரம் மிகக் குறைவு. எச்.எம்.வி. தட்டுகள் கல்கத்தாவின் டம்டம் ஆலையில் அச்சாகி வந்தன. ஓடியன் தட்டுகளை 1930களில் சென்னையிலிருந்து பரப்பியது ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் பங்குதாரராக இருந்த சரஸ்வதி ஸ்டோர்ஸ். எந்தப் பாடகர் பதிவாக வேண்டும், எந்தத் தட்டு எங்கே போக வேண்டும் என்ற முடிவுகள் அங்கெல்லாம் எடுக்கப்பட்டன. சிற்றூர்களில் கைக்கடிகாரமோ மிதிவண்டியோ விற்ற கடையின் ஒரு மூலைதான் பெரும்பாலும் இசைத்தட்டுக் கடை. அந்த மூலைக்காரரை முதலாளியத்தை எதிர்த்த கலகக்காரராகக் காட்டுவது அவருக்கே சிரிப்பை மூட்டியிருக்கும்.

அடுத்து, 'வாங்கிய' நினைவு யாருடையது? பத்து அங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். அதை ஓட்டப் பெட்டி வேண்டும், ஊசி வேண்டும், இரண்டையும் வைத்துக்கொள்ள வீடு வேண்டும். ஊரில் பெரும்பாலோர் தட்டு வாங்கியவர் அல்லர், பாட்டுக் கேட்டவர். காப்பிக் கடை வாசலிலும் கல்யாணப் பந்தலிலும் திருவிழாத் தெருவிலும் நின்று கேட்டவர். அவர்களுக்குப் பாட்டைக் கொண்டுசேர்த்தவர் 'சவுண்டு சர்வீஸ்' கடைக்காரர். ஒரே தட்டை நூறு பந்தல்களில் தேய்த்தவர் அவரே. எந்தப் பாட்டு வரவேற்பு நேரத்துக்கு, எது சாப்பாட்டுப் பந்திக்கு என்ற வரிசையை வகுத்தவரும் அவரே. நினைவுக் குறிப்புகளில் அவருக்கு இடமில்லை. பெட்டி வைத்திருந்த சில வீடுகளின் நினைவு ஊரின் நினைவாக உயர்த்தப்படுகிறது. இதை ஏக்கம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது.

சித்தூரைப் பொறுத்தவரை இழப்பு இன்னும் பெரிது. 1911இல் உருவான இம்மாவட்டம் 1953இல் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு மாறியது. எல்லைக்கோடு நகர்ந்ததால் கேட்கும் காது நகர்ந்துவிடவில்லை. சித்தூர் நாடக மேடையிலிருந்து ஊர்ப்பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டு போன வி. நாகையா, தமிழில் 'அசோக்குமார்' (1941), 'மீரா' (1945) படங்களிலும் தெலுங்கில் 'பக்த போதனா', 'தியாகய்யா' (1946) படங்களிலும் நடித்தார். காஞ்சிபுரம் நாயனா பிள்ளையின் மாணவரும் 1954இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவருமான சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை எந்த மொழியின் பாடகர்? கேள்வியே பொருந்தாது. ஆனால் நிறுவனங்கள் விலைப்பட்டியலை மொழிவாரியாக அச்சிட்டன. ஆய்வாளர்கள் அதே பட்டியலின் வழியே வரலாற்றையும் மொழிவாரியாக எழுதிவிட்டனர். தமிழிசை வரலாறு வேலூரில் நின்றுவிடுகிறது. தெலுங்கிசை வரலாறு விஜயவாடாவிலிருந்து தெற்கே இறங்கத் தயங்குகிறது. இரு மொழித் தட்டுகளும் ஒரே பெட்டிக்குள் கிடந்த கடை எந்த வரலாற்றிலும் இல்லை.

திருப்பதியோ மேற்படி வாய்பாட்டையே உடைக்கிறது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டு 1963இல் வந்தது. பின்னர் ஒலிநாடாக் காலத்தில் ரயில் நிலையத்தையும் கோவிந்தராஜர் கோயிலையும் சுற்றியிருந்த கடைகளில் அது லட்டுக்கு அடுத்த பிரசாதமாயிற்று. இக்கடைகளுக்கு வந்தவர் ரசனை அறியப்பட்ட வாடிக்கையாளர் அல்லர். ஒருமுறை வந்து ஒன்றை வாங்கிச் சேலத்துக்கோ சோலாப்பூருக்கோ திரும்பிய யாத்திரிகர். கடைக்காரர் அவர் முகத்தை மறுபடி பார்க்கப் போவதில்லை. சுப்ரபாதத்தின் உரிமத்தொகை தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்குச் சென்றது என்பதைப் பலரும் எழுதியுள்ளனர். ஒரு நாடாவுக்குக் கடைக்காரர் கையில் என்ன நின்றது என்று யாரும் கேட்கவில்லை.

'ரெக்கார்டிங் சென்டர்'களைப் பற்றிய மௌனமும் இத்தகையதே. பாட்டுகளைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்து, 60 அல்லது 90 நிமிட வெற்று நாடாவில் பதிந்து வாங்கிய அனுபவத்தை நெகிழ்ச்சியுடன் எழுதுவோர், அது பதிப்புரிமைச் சட்டத்துக்கு முரணான தொழில் என்பதையும், 1984இல் திருத்தப்பட்ட சட்டம் தண்டனையைக் கடுமையாக்கியது என்பதையும் தொடுவதில்லை. பீட்டர் மானுவல் 1993இல் வட இந்திய ஒலிநாடாப் பண்பாட்டைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். திருட்டுப் பதிவை மறைக்காமல் அதன் பொருளியலை விளக்கினார். தென்னகத்தின் எல்லை நகரங்களுக்கு அத்தகைய நூல் ஏன் இல்லை? நெகிழ்ச்சி போதும் என்று முடிவாகிவிட்டதா?

சான்று இல்லை என்ற சமாதானமும் செல்லாது. தட்டின் காகித உறையில் கடையின் ரப்பர் முத்திரை இருக்கிறது. சிலவற்றில் வாங்கியவரின் கையெழுத்தும் தேதியும். விற்பனைச் சீட்டுப் புத்தகம், வாடகைக் குறிப்பேடு, கடைக்காரர் கைப்பட எழுதிய பாட்டு வரிசை ஆகியவை பரண்களில் கிடக்கின்றன. பழைய தட்டுகளை எண்மமாக்கும் ஆர்வலர்களோ ஒலியை எடுத்துக்கொண்டு உறையை எறிந்துவிடுகின்றனர். திருமலையில் அன்னமாச்சாரியாரின் செப்பேடுகள் வெளிப்பட்டபோது பாடலை மட்டும் பெயர்த்துக்கொண்டு தகட்டை உருக்கியிருந்தால் அதை யாரேனும் பொறுத்திருப்பார்களா? காகிதம் செம்பு அல்ல என்பதால் மட்டும் இந்த அலட்சியம் நியாயமாகிவிடாது.

திருப்பதியில் வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் இருக்கிறது. மூன்று மொழிகள் கலக்கும் குப்பத்தில் திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பயிலும் மாணவர் பலருடைய தாத்தா வீடுகள் இம்மாவட்டத்திலேயே உள்ளன. 78 சுழற்சித் தட்டு விற்றவர்களில் இன்று எஞ்சியிருப்போர் எண்பதைக் கடந்தவர்கள். முகம் பார்த்து ரசனை அறிந்தீர்களா என்பதைவிட அவர்களிடம் கேட்க வேண்டியவை வேறு: சரக்கு எந்த ரயிலில் வந்தது, உடைந்த தட்டின் நட்டத்தை யார் ஏற்றார், கடனுக்கு யாருக்குக் கொடுத்தீர்கள், யாருக்கு மறுத்தீர்கள்?