பாண்டிக் கட்டம் போதுமே

ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும், வாரத்தில் 3 நாளேனும் தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் அசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். உடனே கராத்தே வகுப்புக்குக் கட்டணம் விசாரிக்கக் கிளம்பிவிடுகிறோம். பாண்டி ஆட்டத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சில்லை எறிந்து, கோட்டை மிதிக்காமல் ஒற்றைக் காலில் தாவி, திரும்பும்போது அதே காலில் நின்றபடி குனிந்து சில்லை எடுக்க வேண்டும். ஒவ்வொரு தாவலிலும் உடலின் எடை முழுவதும் ஒரே காலில் இறங்குகிறது; வளரும் எலும்பு கேட்பது இந்த அதிர்வைத்தான். குனிகையில் கணுக்காலும் இடுப்பும் சமநிலை பழகுகின்றன. கபடி பாடிப் போகிற பிள்ளைக்குத் தன் மூச்சின் அளவை யாரும் பாடமாக நடத்த வேண்டியதில்லை.

தெருவெல்லாம் வண்டி, எங்கே ஆடுவது என்பார்கள். ஓடிப்பிடிக்கும் ஆட்டத்துக்கு அது நியாயமான கேள்வி. பாண்டிக்கு மொட்டைமாடியின் ஒரு மூலையும் ஒரு சாக்பீசும் போதும். பயிற்சியாளர் இருந்தால் முறையாக இருக்குமே என்பது அடுத்த வாதம். வளர்ந்த பிள்ளைகளுக்குச் சரி. ஆறு வயதுப் பிள்ளையோ முறைக்காகத் தாவுவதில்லை. அடுத்த கட்டத்துக்குப் போகும் ஆசையில்தான் சலிக்காமல் தாவுகிறது. படிப்பு கெடும் என்ற பயத்துக்கும் ஆதாரம் இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பள்ளியில் ஓடியாட ஒதுக்கிய நேரம் மதிப்பெண்ணைக் குறைத்ததாகத் தெரியவில்லை. உடற்கல்வி வகுப்பைக் கணக்கு வாத்தியாருக்குக் கடன் கொடுக்கும் தலைமையாசிரியர்கள் அந்த அறிக்கையைப் புரட்டலாம்.